நாலாவதாக வந்தவள்

காலை எட்டு மணிக்கே விருத்தகிரிக்குக் கால் விட்டுப்போயிருந்தது.

விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷன் குழாயில் முகம் கழுவி, மகள் வெண்பாவுக்கு நாலு இட்லி வாங்கிக் கொடுத்து, டவுன் பஸ் பிடித்து அந்த விளையாட்டு வளாகத்தின் மூணாம் நம்பர் கேட்டில் வந்து நின்றபோது மணி ஏழுகூட ஆகவில்லை. கேட்டில் இருந்த செக்யூரிட்டி, விளையாட்டு விடுதித் தேர்வுக்கு வரச்சொல்லி வந்த கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஹாஸ்டல் செலக்‌ஷனா? அது ஆறாம் நம்பர் கேட்டு. அப்படியே செவுத்த ஒட்டினாப்புல போங்க."

செவுத்தை ஒட்டினாப்போல் போனார்கள். செவுரு போய்க்கொண்டே இருந்தது.

விளையாட்டு வளாகம் என்றால் விருத்தகிரியின் மனசில் ஒரு மைதானமும் அதைச் சுற்றிப் படிக்கட்டும்தான் இருந்தன. இது ஒரு ஊராகவே இருந்தது. நீச்சல் குளத்துக்கு ஒரு கட்டடம், ஹாக்கிக்குப் பச்சைத் தரை போட்ட ஒரு ஸ்டேடியம், டென்னிஸுக்குக் கம்பிவேலிக்குள் வரிசையாகக் கட்டம் கட்டமாக இடம், கூரை போட்ட உள்ளரங்கம் ஒன்று, குத்துச்சண்டைக்கு ஒரு கொட்டகை. இவை எல்லாவற்றுக்கும் அந்தக் கோடியில் ஓட்டப்பந்தய மைதானம். நடுநடுவே ரோடு, ரோட்டுக்குப் பெயர்ப்பலகை, பலகையில் அம்புக்குறி.

"நம்ம பழமலைநாதர் கோயில்ல எல்லாம் அஞ்சு அஞ்சா இருக்குதும்பாங்க. இங்க எல்லாம் ஆறு ஆறா இருக்குதே பாப்பா," என்றார் விருத்தகிரி.

வெண்பா சிரிக்கவில்லை. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பத்தாவது பரீட்சை எழுதி முடித்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. மெலிந்த, உயரமான பெண். ரயிலில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் கழிவறைப் பக்கம் பையின் மேல் உட்கார்ந்தே வந்திருந்தாள்.

ஆறாம் நம்பர் கேட்டில் பெயர் எழுதினார்கள். சர்ட்டிபிகேட் பார்ப்பது உள்ளரங்கத்தில் என்றார்கள். அங்கே வரிசை அரங்கத்தை விட்டு வெளியே வந்து வெயிலில் நின்றது. மே மாதத்து வெயில், எட்டு மணிக்கே முதுகைச் சுட்டது. வரிசை முடிந்து மேசைக்குப் போனால் அங்கிருந்தவர் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா என்ன வேலை?"

"செராமிக் கம்பெனிங்க. விருத்தாசலத்துல."

"கப் அண்ட் சாஸரா?"

"ப்யூஸ் கேரியருங்க. கரண்டு கம்பத்துல வைக்கிற இன்சுலேட்டரு. நான் சூளையிலேருந்து சரக்கு எறக்குறவன்."

அவர் 'கூலி' என்று எழுதிக்கொண்டு, உயரம், எடை, டாக்டர் பரிசோதனை எல்லாம் நீச்சல் குளக் கட்டடத்தில் என்று கை காட்டினார். வந்த வழியே பாதி தூரம் திரும்பி நடந்தார்கள். விருத்தகிரிக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருஷமாகச் சூட்டுக்கு முன்னால் நின்ற கால், நிற்கச் சொன்னால் நிற்கும். நடக்கச் சொன்னால்தான் கெஞ்சும்.

டாக்டரம்மா அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்த மறு நிமிஷம் வெண்பா சுவரில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவள் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார்கள். விருத்தகிரி தோளைத் தொட்டு எழுப்பினார். உள்ளே போனாள். கதவு பாதி திறந்திருந்ததால் பேச்சு வெளியே கேட்டது.

"ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குவம்மா?"

"எட்டு மணி நேரம் மேடம்."

விருத்தகிரி தரையைப் பார்த்துக்கொண்டார். பச்சைப் பொய். பத்தரை வரைக்கும் பாடம் எழுதுவாள், நாலரைக்கு அவர் எழுப்புவார். ஏழு வருஷமாக அதுதான் கணக்கு.

வெண்பாவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் ஓடினாள். ஜெயித்ததுகூடப் பெரிசில்லை. இரண்டாவதாக வந்த பிள்ளைக்கும் இவளுக்கும் நடுவில் ஒரு லாரி நிறுத்துகிற இடம் இருந்தது. விளையாட்டு டீச்சர் ஜெயஸ்ரீ அன்றைக்கே வீட்டுக்கு வந்தாள். "இந்தப் புள்ளைய வுட்றாதீங்க அண்ணே. காலைல கூட்டிக்கிட்டு வந்து வுடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்," என்றாள். மறுநாள் விடியலிலிருந்து விருத்தகிரியின் டிவிஎஸ் வண்டி ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்கு ஓட ஆரம்பித்தது. மகள் ஓடுவாள், டீச்சர் கத்துவாள், இவர் போனில் நேரம் எண்ணுவார். வெயில் ஏறும்போது மகளை வீட்டில் விட்டுவிட்டு நேரே கம்பெனி. டீச்சருக்குக் குழந்தை பிறந்து வரமுடியாமல் போன ஆறு மாசம் முழுக்க அவரே கத்தினார்.

அதில் அவருக்குக் கிடைத்ததும் கொஞ்சமில்லை. மாவட்ட அளவில் வெண்பா எண்ணூறு மீட்டரில் முதலாவதாக வந்து பேப்பரில் போட்டோ வந்த அன்று, முதலாளி அவரை ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். அதுவரை அந்த அறையின் நாற்காலி எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. கடைத்தெருவில் "வெண்பா அப்பா" என்று கூப்பிட்டார்கள். பெற்ற அப்பன் ஆசையாக வைத்த விருத்தகிரி என்ற பெயர் ரேஷன் கார்டோடு நின்றுபோனது.

டாக்டரம்மா சரி என்று கையெழுத்துப் போட்டாள். ஓட்டம் பதினொன்றரைக்கு என்றார்கள். வெண்பாவை மற்றப் பெண்களோடு ஓர் அறைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். பெற்றோர் யாரும் மைதானத்துப் பக்கம் வரக்கூடாது, கேலரியில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கேலரியில் நிழலே இல்லை. விருத்தகிரி நீச்சல் குளத்துப் படிக்கட்டிலேயே கொஞ்சம் உட்கார்ந்தார். அங்கே காற்று குளிர்ச்சியாக வந்தது. அவருக்கு இரண்டு படி கீழே ஓர் அம்மா ஈரத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தார். அவளே பேசினாள்.

"செலக்‌ஷனுக்கு வந்தீங்களா?"

"ஆமாங்க. பொண்ணு. ஓட்டம்."

"எங்களுது நீச்சல். சேலத்துலருந்து வந்து மூணு வருஷம் ஆச்சு. இங்க பக்கத்துலயே ஒரு ரூம் எடுத்துக்கிட்டுக் கெடக்கறோம். அவங்கப்பா ஊர்ல."

"ஹாஸ்டல்ல புள்ளைங்கள நல்லாப் பாத்துக்குவாங்களாங்க?"

"நல்லாப் பாத்துக்குவாங்க. முட்டை, பால், கறி, எல்லாம் உண்டு. நாலு மணிக்கு எழுப்பிருவாங்க. சாயங்காலம் மறுபடியும். பரீட்சை நாள்லகூட விடமாட்டாங்க." துண்டைப் பிழிந்தாள். "உங்க பொண்ணுக்கு இஷ்டந்தானே?"

"பின்னே? அதுக்கு ஓடறதுன்னா உசுரு," என்றார் விருத்தகிரி. சொல்லிவிட்டு, அப்படி அவள் எப்போதாவது தன்னிடம் சொல்லியிருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

பதினொன்றரைக்கு என்றது பன்னிரண்டே காலுக்கு ஆரம்பித்தது. செங்கல் நிறத்தில் ரப்பர் பாதை. எட்டுப் பெண்கள். எண்ணூறு மீட்டர் என்றால் இரண்டு சுற்று. முதல் மூன்று பேருக்கு விடுதியில் இடம்.

விருத்தகிரி கேலரியின் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பி சுட்டது. துப்பாக்கி வெடித்ததும் பெண்கள் கும்பலாகப் போனார்கள். வெண்பா வழக்கம்போல் அவசரப்படவில்லை. ஐந்தாவதாகப் போனாள், முதல் சுற்று முடிந்து மணி அடித்தபோது மூன்றாவது. எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் இரண்டாவது. அவர் கையிலிருந்த போன் நல்ல நேரம் காட்டியது. மாவட்டப் போட்டியில் ஓடியதைவிட நல்ல நேரம். இனி கடைசி இருநூறு.

அவள் ஓட்டம் அவருக்கு அத்துப்படி. கடைசி இருநூறில் மற்றப் பெண்கள் எல்லாம் வாயைப் பிளப்பார்கள். வெண்பா அங்கேதான் வாயை மூடுவாள். பல்லைக் கடித்து, உதட்டை இறுக்கி, வலது கையைக் கொஞ்சம் வெளிப்பக்கமாக வீசிக்கொண்டு பாய்வாள். அந்தக் கை வீச்சைத் திருத்த ஜெயஸ்ரீ டீச்சர் படாத பாடுபட்டு விட்டுவிட்டாள்.

வளைவில் திரும்பினாள். வாய் மூடவில்லை. வலது கை உடம்போடு ஒட்டியே ஆடியது. பின்னாலிருந்து ஒரு பெண் தாண்டினாள். விருத்தகிரி கம்பியை விட்டுவிட்டார். இன்னொரு பெண் தாண்டினாள். வெண்பா பக்கவாட்டில் அவளைத் திரும்பிப் பார்த்தாள். ரோட்டில் நம்மை முந்திப்போகிற வண்டிக்கு வழிவிட்டுப் பார்ப்போமே, அப்படி. அதற்குமேல் யாரும் தாண்டவில்லை. நாலாவதாக வந்து கோட்டைத் தொட்டாள். தொட்டவள் குனிந்து மூச்சு வாங்கவில்லை, விழவில்லை. நிமிர்ந்தபடியே நடந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

கால் பிசகியிருக்கும் என்று விருத்தகிரி தனக்குத்தானே ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அது மனசில் நிற்கவில்லை.

பெயர்ப்பட்டியல் ஒட்ட இரண்டு மணி ஆனது. வெண்பாவின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்தது. பயிற்சியாளர் பாரி, தொப்பி போட்ட இளைஞர், கூட்டத்துக்குள் அவளைத் தேடி வந்தார்.

"நீதான் வெண்பாவா? அறுநூறு வரைக்கும் அருமையா வந்தியேம்மா. கடைசில என்ன ஆச்சு?"

"தெரியல சார்."

"யாராவது ஒருத்தர் சேரலன்னா உன்னைத்தான் கூப்பிடுவோம். போனை ஆஃப் பண்ணிடாதீங்க," என்று விருத்தகிரியின் நம்பரை வாங்கிக்கொண்டார்.

மறுபடியும் அவ்வளவு தூரமும் நடந்தார்கள். உள்ளரங்கம், குளம், ஹாக்கி, டென்னிஸ். வேலிக்குள் யாரோ பந்தைத் தட்டுகிற சத்தம் பின்னாலேயே வந்தது. வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் தள்ளுவண்டிக்காரரிடம் தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டார்கள். வெண்பா வழித்துச் சாப்பிட்டாள். விருத்தகிரிக்கு இறங்கவில்லை.

நாலு மணி வண்டியில் தாம்பரம் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது, அதுவும் ஒருவருக்கான இடம். இருவரும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். செங்கல்பட்டு ஏரி போனது. வெண்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"ப்பா. நான் வேணும்னுதான் வுட்டேன்."

"தெரியும்."

அவள் திரும்பினாள். "எப்படித் தெரியும்?"

"வாய மூடலியே நீ."

எதிர் சீட்டில் ஒருவர் வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

"எனக்கு முடியலப்பா. எப்பப் பாத்தாலும் தூக்கம் வருது. கிளாஸ்ல வருது, சாப்புடும்போது வருது. ஓடும்போதுகூட வருது, நெசமா. காலு பாட்டுக்கு ஓடுது, நான் உள்ள தூங்குறேன். அங்க போனா நாலு மணிக்கு எழுப்புவாங்களாம், ரூம்ல அந்தப் புள்ளைங்க சொல்லுச்சு. அதக் கேட்டதுமே அங்க போவக் கூடாதுன்னு ஆயிடுச்சு."

"முன்னாடியே சொல்றதுக்கு என்னா?"

"எப்படிச் சொல்றது? நீ எனக்கு முன்னாடி எழுந்து வண்டியத் தொடச்சிக்கிட்டு நிப்ப."

விருத்தகிரிக்கு ஏதோ சொல்ல வந்தது. நானும் உனக்காகத்தான் எழுந்தேன், எனக்கு மட்டும் என்ன சுகமா என்று கேட்கலாம் போலிருந்தது. அது முழு உண்மை இல்லை என்றும் கூடவே தோன்றியது. அசதி இருந்தது, மறுக்கவில்லை. ஒரு தரம் சரக்கு இறக்கும்போது நின்றபடியே கண்ணசந்து ஒரு பலகை ப்யூஸ் கேரியரைத் தரையில் கொட்டியிருக்கிறார். ஆனால் அந்த நாற்காலியும் காபியும் கடைத்தெருவில் கூப்பிடுகிற பேரும் அவருக்கு இனித்தன. அதற்காகவும்தான் வண்டியைத் துடைத்தார். பதினாறு வயசுப் பிள்ளையிடம் இதை எந்த வாயால் சொல்வது?

"தூங்கு," என்றார்.

அவர் தோளில் சாய்ந்தாள். விழுப்புரம் வருவதற்குள் நன்றாகத் தூங்கிவிட்டாள். அவர் கை மரத்துப்போனது, ஒன்றுக்குப் போகவேண்டும்போல் இருந்தது. உளுந்தூர்பேட்டை தாண்டும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் மனைவி செல்வநாயகியிடம் நாலாவது இடம் என்று மட்டும் சொன்னார்கள். அவள் காலையில் ஒரு ஓட்டலில் காய் நறுக்கப் போகிறவள். "சரி வுடு, கெடைக்கிறது கெடைக்கும்," என்று சொல்லிவிட்டு உலையை இறக்கினாள். மறுநாள் நாலரைக்கு விருத்தகிரி மகளை எழுப்பவில்லை. ஏன் என்று மனைவி கேட்டதற்கு, "லீவுதானே, தூங்கட்டும்," என்றார்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. விருத்தகிரி அப்போது சூளை வாசலில் நின்று, ஆறியும் ஆறாமலும் இருந்த சரக்கைச் சாக்குத்துணி சுற்றிய கையால் இறக்கிக்கொண்டிருந்தார்.

"நான் பாரி பேசுறேன், அத்லெடிக்ஸ் கோச். மூணாவதா வந்த பொண்ணு சேரல. உங்க பொண்ணுக்கு இடம் இருக்கு. இன்னும் ஒரு மணி நேரத்துல சொல்லிடணும், நான் லிஸ்ட்டை அனுப்பணும்."

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு விருத்தகிரி வீட்டுக்கு வண்டியை விட்டார். மதியம் பன்னிரண்டு மணி. வெண்பா மின்விசிறிக்குக் கீழே வெறுந்தரையில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த ஒன்பது நாளில் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது.

செல்வநாயகியிடம் சமையல்கட்டில் நின்று மெதுவாகச் சொன்னார். ரயிலில் மகள் சொன்னதையும் அப்போதுதான் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அடப்பாவி மவளே. என்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லல," என்றவள், "எழுப்பிக் கேளுங்க. பெரிய எடம். சும்மா வராது," என்றாள்.

விருத்தகிரி மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எழுப்பவில்லை. பத்து நிமிஷம் போனது, இருபது போனது. செல்வநாயகி வாசற்படியிலிருந்து கையால் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தாள். எழுப்பிக் கேட்டால், அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பிள்ளை சரி என்று சொல்லிவிடுமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. சொல்லாதோ என்று இன்னொரு பயமும் இருந்தது. கடைசியில் மணி பார்த்து, வேறு வழியில்லாமல் தோளைத் தொட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் எழுந்து உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"நீ என்னா சொல்றப்பா?"

"என்னைக் கேக்காத. ஓடுற காலு உன்னுது."

"வேணாம்ப்பா," என்றாள். பிறகு, "ஜெயஸ்ரீ டீச்சருக்கு என்னா சொல்றது? ஏழு வருஷம். சோம்பேறின்னுதானே சொல்லும். ஸ்கூல்ல எல்லாரும் கேப்பாங்க," என்று அழ ஆரம்பித்தாள்.

"நான் பேசிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லாத."

வாசலுக்கு வந்து போன் போட்டார். "சார், பொண்ண அவ்வளவு தூரத்துல வுட எனக்கு மனசு வரலீங்க. வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

"பொண்ணு என்ன சொல்லுது?"

"அது போறேன்னுதான் சொல்லுதுங்க. நாந்தான் வேணாம்னுட்டேன்."

"உங்கள மாதிரி அப்பாக்களாலதாங்க நம்ம புள்ளைங்க இப்படியே கெடக்குது," என்றார் பாரி. கோபத்தைவிட அலுப்புதான் அந்தக் குரலில் இருந்தது. தினம் நாலு பேரிடம் இதையே சொல்லிச் சொல்லி வந்த அலுப்பு. போன் வைக்கப்பட்டது.

பெண்ணை வெளியே விடாத அப்பன்களை விருத்தகிரி எத்தனையோ தரம் கேலி செய்திருக்கிறார். கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் சொந்த மச்சானையே கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்டிருக்கிறார். அந்த மச்சானுக்கு இது தெரிந்தால் என்ன சொல்வான் என்று நினைத்துக்கொண்டே வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜெயஸ்ரீ டீச்சர் கம்பெனிக்கே வந்துவிட்டாள். வெயிலில் ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சூளைக் கொட்டகைக்குள் வந்தாள்.

"ஏண்ணே, கோச்சுக்குப் போன் போட்டா இப்படிச் சொல்றாரு, என்னா காரியம் பண்ணீங்க? அந்த எடத்துக்கு மாநிலம் பூரா அடிச்சிக்கிட்டு நிக்குது. கூப்புட்டுக் குடுக்கறாங்க, வேணாங்கறீங்களா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். விருத்தகிரி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"மனசு ஒப்பலம்மா."

"உங்க மனசு ஒப்பலன்னா அவ வாழ்க்கை என்னாவறது? இத்தினி வருஷம் காலைல கூட்டியாந்ததெல்லாம் எதுக்கு? கைக்கொழந்தைய இடுப்புல வச்சிக்கிட்டுக்கூட வந்தேனேண்ணே நானு." அவள் குரல் உடைந்தது. அதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது. வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"தப்புத்தாம்மா. மன்னிச்சிடுங்க."

"என்கிட்ட எதுக்கு மன்னிப்பு? நாளைக்கு அவளே உங்களக் கேப்பா. எங்கப்பன்தான் என்னைக் கெடுத்தான்னு சொல்லுவா. பாத்துக்கிட்டே இருங்க."

"சொல்லட்டும்மா," என்றார் விருத்தகிரி.

டீச்சர் திரும்பி வெளியே போனாள். ஸ்கூட்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாணிக்கவேல், பல வருஷ சிநேகிதன், தட்டைப் பார்த்தபடியே, "இருந்தாலும் வுட்டுருக்கலாம் கிரி. நல்லா ஓடுற புள்ள," என்றான்.

"ஆமாய்யா," என்றார் விருத்தகிரி. மீதிச் சோற்றில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து குடித்துவிட்டு, தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தார். மூணு மணி லாரிக்கு இன்னும் இரண்டு அடுக்கு இறக்கவேண்டியிருந்தது. சாக்குத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.